வெட்டி எறிந்த எட்டுப் பங்கு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அடிவாரத்தில் முட்புதர்களும் வெயிலும். உச்சியில் ஏலத்தோட்டங்களும் மூடுபனியும். ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தை ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடுகிறோம். வளைவுக்கு வளைவு மரம் மாறுகிறது, மரத்திற்கேற்பப் பறவையும் மாறுகிறது. கீழே மின்கம்பியில் பனங்காடையைப் பார்த்தவர், மேலே ஓடையோரத்தில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையைக் கேட்கிறார். நீண்ட லென்ஸுகளோடு இளைஞர்கள் இங்கே வந்து காத்திருப்பதில் வியப்பில்லை.

இந்த மலைச்சரிவின் பறவைப் படங்களைச் சேர்த்துச் சிறு கண்காட்சி ஒன்றை நண்பர்களோடு நாம் நடத்தினோம். வந்த படங்களில் ஒன்று, போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை செல்லும் வழியில் 2013-இல் எடுத்த செம்மீசைச் சின்னான். கொண்டை நிமிர்ந்திருக்கிறது; கண்ணில் ஒளிப்புள்ளி; கன்னத்துச் சிவப்பு துல்லியம்; பின்னணி வெண்ணெய்போல் வழுவழுப்பான பச்சை. எல்லோரும் பாராட்டிய படம். பல ஆண்டுகள் ஏலத்தோட்டங்களில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு நம்மிடம் கேட்டார்:

"கொண்டைக்குருவி நல்லாத்தான் இருக்கு சார். எந்த மரத்துல உக்காந்திருக்கு? மரத்தையே காணோமே."

நம்மிடம் விடை இல்லை. எடுத்த நண்பரிடமும் இல்லை. பறவையைச் சுற்றி இறுக்கமாக வெட்டிய கோப்பு மட்டுமே அவரிடம் எஞ்சியிருந்தது. இடம் போதாமல் மூலக்கோப்பை அவர் எப்போதோ அழித்துவிட்டிருந்தார். அவர் நின்று படமெடுத்த இடத்திற்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் அதுவும் இயலாது. போடிமெட்டு–மூணாறு சாலையை அகலப்படுத்தும் பணி 2017-இல் தொடங்கியது. முடிந்து 2024 சனவரியில் சாலை திறக்கப்பட்டது. ஓரத்து மரங்கள் பல இப்போது இல்லை. சாலைக்காக ஒருமுறையும் படத்துக்காக ஒருமுறையும், ஒரே மரம் இருமுறை வெட்டுப்பட்டிருக்கிறது.

பறவைப் படத்தில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் தேடிப் பார்க்கத் தொடங்கியது அந்த முதியவரின் கேள்விக்குப் பிறகுதான்.

*

'கிராப்' என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல. குடுமியை எடுத்துவிட்டுக் 'கிராப்பு' வைத்துக்கொண்ட தலைமுறையின் வீட்டுச் சண்டைகளை நம் பழைய கதைகள் அறியும். அங்கே கிராப்பு என்பது வெறும் முடிவெட்டு அல்ல. எதை விட்டுவிடுகிறோம் என்பதன் அறிவிப்பு. புகைப்படக் கிராப்பும் அப்படித்தான். ஒரு வேறுபாடு உண்டு: வெட்டிய முடி மறுபடி வளரும்.

வெட்டு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 36×24 மி.மீ. சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, 20 மீட்டர் தொலைவிலுள்ள கிளையை நோக்குகிறோம். சட்டகத்துக்குள் விழுவது 1.8 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு செவ்வகம். செம்மீசைச் சின்னானின் நீளம் ஏறத்தாழ 20 செ.மீ.; பக்கவாட்டில் அமர்ந்திருந்தாலும் படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். அது அகலத்தில் மூன்றில் ஒரு பங்காகத் தெரிய வேண்டுமென்றால் 60×40 செ.மீ. பரப்பை வைத்துக்கொண்டு மற்றதை வெட்ட வேண்டும். அதாவது பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு மிஞ்சும்; எட்டுப் பங்கு போய்விடும். 6000×4000 பிக்சல் இருந்த படம் 2000×1333 ஆகச் சுருங்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத்தரத்தில் அது ஆறரை அங்குல அகலத்துக்கு மேல் தாங்காது.

அந்த எட்டுப் பங்கில் என்ன இருந்தது? கிளை, இலை, காய், கிளையில் படர்ந்த பாசி, பின்னால் ஒரு ஏலச்செடி, அதற்கும் பின்னால் ஒரு மலைமுகடு. பறவை ஏன் அங்கே வந்தது என்பதற்கான விடை முழுவதும் அந்த எட்டுப் பங்கில்தான் இருந்தது.

*

புகைப்படம் வருவதற்கு முன்பே சட்டகத்தின் நெருக்கடி இருந்தது. ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட 'அமெரிக்கப் பறவைகள்' ஓவியத் தொகுதியில் ஒவ்வொரு பறவையையும் அதன் இயல்பான அளவிலேயே வரைவது என்று உறுதி கொண்டார். அதற்காகத் தேர்ந்துகொண்ட தாள் ஒரு மீட்டர் உயரம் இருந்தும், பூநாரை போன்ற பெரிய பறவைகள் அதற்குள் அடங்கவில்லை. அவர் பறவையை வெட்டவில்லை, கழுத்தை வளைத்தார். செடிகொடிகளையும் விட்டுவிடவில்லை. ஆனால் தொடக்ககால ஓவியங்கள் பலவற்றில் செடிகளை வரைந்த ஜோசப் மேசன் என்னும் சிறுவனின் பெயர் அச்சிட்ட பக்கங்களில் இடம்பெறவில்லை. பின்னணி வெட்டப்படாத இடத்தில் பின்னணியை வரைந்தவன் வெட்டப்பட்டான்.

அடுத்து வந்தவர்கள் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள். ரிச்சர்டும் செரியும் 1892-இல் முட்டைகளோடு கூடிய ஒரு கூட்டைப் படமெடுத்தார்கள். 1895-இல் வெளிவந்த அவர்களது பிரிட்டிஷ் பறவைக்கூடுகள் பற்றிய நூல், முழுக்கப் புகைப்படங்களாலேயே விளக்கம் பெற்ற முதல் இயற்கை நூல்களில் ஒன்று. கனமான கேமரா, கண்ணாடித் தகடு, குறைந்த ஒளியுணர்வு என்ற நிலையில் பறக்கும் பறவையைப் பின்தொடர முடியாது. பறவை திரும்பி வந்தே ஆகவேண்டிய இடம் கூடு. ஆகவே கூட்டருகே மறைவிடம் அமைத்துக் காத்திருந்தார்கள். பஞ்சடைத்த ஒரு காளையின் வயிற்றுக்குள் புகுந்துகொண்டுகூடப் படமெடுத்தார்கள்.

இந்தக் கூட்டுப்பட மரபுதான் அடுத்த அரை நூற்றாண்டை ஆண்டது. இந்தியாவிலும் அப்படியே. இ. எச். என். லோதர் 1949-இல் 'இந்தியாவில் ஒரு பறவைப் புகைப்படக்காரர்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். அவரும் ஆர். எஸ். பி. பேட்ஸும் சேர்ந்து 1952-இல் கொண்டுவந்த நூல் காஷ்மீரில் கூடுகட்டும் பறவைகளைப் பற்றியது. போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கி சாலிம் அலியின் நண்பரான சிங்கப்பூர்த் திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோவும் 1957-இல் தம் பறவைப் படங்களை நூலாக்கினார். இவர்களுடைய பொறுமை நம்மை வணங்க வைப்பது. ஆனால் அந்த மரபில் இன்று நம்மை உறுத்தும் ஒரு வழக்கம் பரவலாக இருந்தது. கூட்டை மறைக்கும் கிளைகளை விலக்கிக் கட்டுவார்கள். சில வேளை வெட்டியும் விடுவார்கள். படம் தெளிவாகும், கூட்டின் மேல் வெயிலும் காகத்தின் கண்ணும் விழும். படத்தை வெட்டும் வசதி குறைவாக இருந்த காலத்தில் மரத்தையே வெட்டினார்கள் என்று சொல்லலாம். இன்று இயற்கைப் படப் போட்டிகள் பலவும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் வெட்டு பறவைக்கு நன்மையும் செய்திருக்கிறது. எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்தவர் இன்னும் பத்தடி நெருங்கிப் பறவையை எழுப்ப வேண்டியதில்லை. அந்த வகையில் கிராப்பு ஒரு மரியாதை. நம் குறை வெட்டின் மேல் அல்ல. வெட்டியதை மறந்துவிடுவதன் மேல்.

*

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் மா. கிருஷ்ணனைத் தவிர்க்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் (1912–1996). 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தாம் இறக்கும் வரை, 46 ஆண்டுகள், இயற்கை பற்றிய பத்தியை எழுதியவர். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார். கிருஷ்ணனின் கேமரா கடையில் வாங்கியதன்று. வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்டது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். கறுப்பு வெள்ளையிலேயே நின்றார்.

அவருடைய படங்கள் 2006-இல் 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற பெரிய தொகுப்பாக வந்தபோது, ஆஷிஷ், சாந்தி சந்தோலா இருவரோடு அதில் பங்காற்றியவர் தஞ்சையில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர் டி. என். ஏ. பெருமாள். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது நமக்கு முதலில் படுவது, விலங்கு தன் காட்டுக்குள் நிற்கிறது என்பதே. யானைக் கூட்டத்தோடு மூங்கிலும் வருகிறது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் வருகிறது. கிருஷ்ணன் ஓவியரும் கூட. தம் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியம் வரைந்தவர். எங்கே கோட்டை நிறுத்துவது என்று அறிந்த கை அது. அதோடு அயல்நாட்டு மரங்களை நம் மண்ணில் நடுவதைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். மரத்தைப் பற்றிக் கோபப்படத் தெரிந்த ஒருவருக்கு, மரம் வெறும் 'பின்னணி'யாக இருந்திருக்க முடியாது என்று நமக்குத் தோன்றுகிறது. 1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1975-இல் நூலானபோது அவருடைய படங்கள் அலங்காரமாக அல்ல, சான்றாக நின்றன.

சான்று என்ற சொல் நம்மை மீண்டும் ஏலமலைக்கே கொண்டுவருகிறது. 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைக் கணக்கெடுப்பை நடத்தினார். மறையூர், மூணாறு ஆகியவற்றோடு சாந்தன்பாறையும் அவர் தங்கிய முகாம்களில் ஒன்று. போடிமெட்டிலிருந்து பூப்பாறை வழியாகச் சென்றால் வெகு தொலைவில்லை. அவருடைய கருவி துப்பாக்கி. அக்கால முறை அது. சுட்ட பறவையின் காலில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள்: இடம், நாள், ஆணா பெண்ணா, கடல்மட்டத்திலிருந்து உயரம். பின்னர் எழுதிய அறிக்கையில் எவ்வகைக் காடு என்ற குறிப்பும் சேர்ந்தது. 75 ஆண்டுகளுக்குப் பின், 2009-இல், கேரளப் பறவையியலாளர்கள் அதே இடங்களுக்கு மீண்டும் சென்று எவை எஞ்சியிருக்கின்றன, எவை மாறியிருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒப்பீடு இயன்றதற்குக் காரணம் பாடம் செய்த உடல்கள் மட்டும் அல்ல. அவற்றோடிருந்த சீட்டும் குறிப்பும். உயிரைக் கொன்று எடுத்த சான்று இடத்தைக் காப்பாற்றி வைத்தது. உயிரைக் கொல்லாமல் எடுக்கும் நம் படம் இடத்தைக் கொன்றுவிடுகிறது. எவ்வளவு பெரிய முரண்!

இடம் மாறாமல் இருந்தாலாவது மன்னிக்கலாம். ஏலம் மரநிழலில் வளரும் பயிர். அந்த நிழலுக்காகவே பழைய காட்டு மரங்கள் தோட்டங்களுக்குள் பிழைத்திருந்தன. 1990-களுக்குப் பின் பரவிய அதிக விளைச்சல் தரும் இரகங்கள் குறைந்த நிழலிலேயே செழிப்பவை. நிழல் கவாத்து கடுமையாகிறது. பல இடங்களில் பலாவும் முள்முருங்கையும் நின்ற இடத்தில் சில்வர் ஓக் நிற்கிறது. இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து இம்மலையின் மர வரலாற்றை எழுத ஒருவர் முயன்றால், ஆயிரக்கணக்கான பறவைப் படங்கள் அவருக்குக் கிடைக்கும். அவற்றில் மரம் இருக்காது.

*

மரமில்லாத பறவை தமிழ்ப் புலவனுக்கு அந்நியம். தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது மரத்தை அடுத்துப் புள்ளை வைக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அவற்றிலிருந்து பிறப்பது கரு. நிலத்தைச் சொல்லாமல் பறவையைச் சொன்னால் அங்கே பொருளே பிறக்காது. பி. எல். சாமி சங்கப் பறவைகளை இன்றைய அறிவியல் பெயர்களோடு பொருத்திக் காட்ட முடிந்ததும், எம்மரத்தில், எப்பொழுதில், எதைத் தின்றுகொண்டு என்று புலவர்கள் உடன்சொன்னதால்தான். கன்னத்துச் சிவப்பை மட்டும் பாடியிருந்தால் அவருக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும்.

இன்றைய படக்காரர்கள் மறக்காமல் சொல்லும் 'மூன்றில் ஒரு பங்கு' விதியின் பிறப்பும் இங்கே நினைக்கத்தக்கது. பறவையை நட்டநடுவில் வைக்காதே, சட்டகத்தை மூன்றாகப் பகுத்துக் கோட்டின்மேல் வை என்பது விதி. இப்பெயரை 1797-இல் முதலில் எழுத்தில் வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கில ஓவியர். அவர் எழுதியது நாட்டுப்புற நிலக்காட்சியைப் பற்றி. வானுக்கு எத்தனை பங்கு, நிலத்துக்கு எத்தனை பங்கு என்பதைப் பற்றி. நிலத்துக்குப் பங்கு பிரிக்கப் பிறந்த விதி, நிலத்தை அகற்றும்போது துணைக்கு அழைக்கப்படுகிறது. அமெரிக்கப் புகைப்படச் சங்கம் (பிஎஸ்ஏ), அனைத்துலகப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு (எஃப்ஐஏபி), பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் ஒத்துக்கொண்டு 2015 முதல் நடைமுறைக்கு வந்த இயற்கைப் பட வரையறையும் இதில் கவனிக்கத்தக்கது. படத்திலுள்ள எதையும் சேர்க்கவோ மாற்றவோ நீக்கவோ கூடாது என்கிறது அது. ஒரே விலக்கு, ஓரத்தை வெட்டுதல். ஒரு குச்சியை அழித்தால் குற்றம். காட்டையே வெட்டினால் குற்றமில்லை. இதில் நியாயமும் உண்டு: அழிப்பது பொய் சொல்வது, வெட்டுவது சொல்லாமல் விடுவது. ஆனால் சொல்லாமல் விடுவதற்கும் ஒரு பொறுப்பு உண்டல்லவா?

அப்படியானால் எப்படி வெட்டுவது? நமக்குப் புலப்பட்டவற்றைச் சொல்கிறோம். வெட்டு, லென்ஸைத் தூக்கும்போதே தொடங்குகிறது. பறவையைக் கண்டதும் ஒரு படம் அகலமாக, மரமும் சரிவும் தெரிய எடுத்துவிட வேண்டும், பிறகு நெருக்கமானது. இனம் அறிய அலகும் கண்வளையமும் துல்லியமாகத் தேவைப்படும்போது இறுக்கமாக வெட்டுவதில் தவறில்லை. அப்போதும் வாலையோ விரல்களையோ ஓரத்தில் அரைகுறையாக நறுக்கக் கூடாது. பறவை பார்க்கும் திசையில் முதுகுப்புறத்தைவிட அதிக வெளி விட வேண்டும். பார்வைக்குப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அந்த வெளியில் எதை விடுவது என்று தேர்வதுதான் கலை. கிளையின் வளைவையா, ஓர் இலையையா, பூவையா? மரத்தை அடையாளம் காட்டும் ஓர் உறுப்பாவது உள்ளே இருக்கட்டும். இலை உதிர்த்துச் சிவந்து நிற்கும் முள்முருங்கையின் ஒரே ஒரு பூங்கொத்து, இடத்தையும் பருவத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். பறவை சட்டகத்தில் சிறிதாக இருப்பது குறை அல்ல; அதன் உருவரை கலையாமல் தெரியும் இடத்தில் அது இருந்தால் போதும், கண் தேடிப் போய்க் கண்டுகொள்ளும். எவ்வளவு வெட்டினாலும் மூலக்கோப்பை வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தின் பெயரையும் ஊரையும் குறித்து வைக்க வேண்டும். சாலிம் அலியின் காலச் சீட்டைப்போல. (கூட்டின் இடத்தையும் அரிய பறவையின் இடத்தையும் உலகுக்கு அறிவிக்காமல் மறைப்பது வேறு; அது காவல். தனக்கே தெரியாமல் அழித்துக்கொள்வது காவல் ஆகாது.)

*

கண்காட்சி முடிய இரண்டு நாள் இருக்கும்போது நண்பர் ஒரு பழைய குறுந்தகட்டோடு வந்தார். 2013-இல் அதே காலையில் எடுத்துக் கழித்துப்போட்ட ஒரு படம் அதில் இருந்தது. சின்னான் ஒரு மூலையில் சுண்டைக்காய் அளவில் இருக்கிறது, துல்லியமும் இல்லை. மற்ற இடம் முழுவதும் கிளையும் பூவும், கீழே சாலையின் ஒரு துண்டும். அச்சிட்டு, பாராட்டுப் பெற்ற படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். மேஸ்திரியை மறுபடி வரச்சொன்னோம்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனார். "இது நம்ம முள்முருங்கை சார். போடியிலேருந்து வர்ற ஜீப்பு இங்கதான் எங்கள எறக்கிவிடும். சாயந்தரம் இது அடியிலதான் நிப்போம்." விரலால் படத்தின் கீழ்ப்பகுதியைத் தொட்டார். "அந்தக் கல்லு இந்தா இருக்கு பாருங்க."

பிறகு கீழிருந்த குறிப்பில் மரத்தின் பெயரை எழுதிச் சேர்த்தோம். பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் வலப்பக்கத்து அழகான படத்தின் முன்தான் நின்றார்கள். கடைசி நாள் மாலை, தோட்ட வேலையிலிருந்து திரும்பிய பெண்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். அவர்கள் இடப்பக்கத்துப் படத்தின் முன் நின்று, பறவையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.